ஒற்றை நுழைவு விசாவோடு அந்தோரா போனேன்: ஆறு இரவும் ஒன்றேகால் லட்சமும் போனது

இதை எழுதுவதை ஏழெட்டு மாதமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். வீட்டில்கூட முழுதாகச் சொல்லவில்லை. போன வாரம் அலுவலகத்தில் ஒரு தம்பி வந்து, “அக்கா, பார்சிலோனா போறேன். பக்கத்துல அந்தோரான்னு ஒரு குட்டி நாடு இருக்காமே, காலையில போயிட்டு ராத்திரி வந்துடலாமாமே” என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பாஸ்போர்ட்டைக் கொண்டுவரச் சொல்லி விசாவைப் பார்த்தேன். எத்தனை முறை நுழையலாம் என்று காட்டும் கட்டத்தில் 01 என்று இருந்தது. அன்று இரவே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2024 அக்டோபரில் அலுவலக வேலையாக இரண்டு வாரம் பார்சிலோனாவில் இருந்தேன். வேலை வெள்ளிக்கிழமையோடு முடிந்தது, கோவைக்கு விமானம் திங்கட்கிழமை இரவு. நடுவில் இரண்டு நாள் சும்மா கிடந்தது. என்னோடு வந்தவர்கள் முன்னதாகவே கிளம்பிவிட்டதால் நான் மட்டும் தனி. சனிக்கிழமை அந்தோரா போய்வரலாம் என்று பேருந்துச் சீட்டு எடுத்தேன். விற்ற இடத்தில் “விசா ஏதாவது வேண்டுமா?” என்று கேட்கவும் செய்தேன். “அந்தோராவுக்கு யாருக்குமே விசா கிடையாது” என்றார்கள். அது உண்மைதான். அந்தோரா விசா கேட்பதில்லை. ஆனால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: திரும்பி ஸ்பெயினுக்குள் வர என் விசா செல்லுமா? அந்தோரா ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளைச் சுற்றிவர விடும் செங்கன் பகுதியிலும் இல்லை. எல்லையைத் தாண்டிய நிமிடமே நான் செங்கனை விட்டு வெளியேறியவள் ஆகிவிட்டேன். ஒற்றை நுழைவு விசாவில் அந்த ஒரே நுழைவை இரண்டு வாரம் முன்பு பார்சிலோனா விமான நிலையத்திலேயே செலவழித்துவிட்டிருந்தேன்.

போகும்போது எந்த அறிகுறியும் தெரியாது, இதுதான் ஆபத்து. மூன்று மணி நேரப் பயணம். செக்ரே ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ஏறி, லா செவு துர்ஜெல் என்ற ஸ்பெயின் ஊரைத் தாண்டிப் பத்துக் கிலோமீட்டரில் எல்லை. பேருந்து வேகத்தைக் குறைத்தது, யாரும் ஏறவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை, அப்படியே உள்ளே போய்விட்டது. ஒன்று மட்டும் நடந்தது. ஸ்பெயினில் வாங்கிய சிம் அடங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் கூடுதல் கட்டணம் இல்லாமல் ரோமிங் கிடைக்கும், அந்தோரா அந்தக் கணக்கில் வராது. மலைப் பகுதி, சிக்னல் இல்லை போல என்று விட்டுவிட்டேன். போன் நம்மைவிட முன்னால் எல்லையைத் தெரிந்துகொள்கிறது. ஐரோப்பாவில் இணையம் திடீரென்று நின்றால் உடனே எந்த நாட்டில் இருக்கிறோம் என்று பாருங்கள்.

ஊர் அழகு, அதை மறைக்க முடியாது. நாடு மொத்தமே 468 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426, அதைவிடச் சற்றுத்தான் பெரிது. ஆனால் மக்கள் சுமார் 85,000 பேர்தான், ஏனென்றால் மீதி எல்லாம் மலை. பிரனீஸ் மலைத்தொடரின் நடுவே ஒய் எழுத்துப் போல மூன்று பள்ளத்தாக்குகள், அவற்றில் வலிரா ஆறு. ஊர்களெல்லாம் அந்தப் பள்ளத்தாக்குகளுக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. தலைநகர் அந்தோரா லா வேலாவே 1,023 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஐரோப்பாவின் மிக உயரமான தலைநகரம் அது. ஆறு நகருக்குள் கட்டிய கரைகளுக்கு நடுவே வாய்க்கால் மாதிரி ஓடுகிறது, ஆனால் சத்தம் மலையாற்றின் சத்தம். அன்று மதியம் பாலத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் மெரிட்செல் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். அங்கே பொது விற்பனை வரி 4.5 சதவீதம், ஸ்பெயினில் 21. வாசனைத் திரவியம், மின்னணுப் பொருள், சிகரெட், மது எல்லாமே மலிவு. தம்பிக்கு ஒரு வாசனைத் திரவியம் வாங்கிக்கொண்டு மாலை ஆறு மணிப் பேருந்தில் ஏறினேன்.

அந்த மலிவு விலைதான் எல்லையில் சோதனை இருப்பதற்குக் காரணம் என்று பிறகுதான் புரிந்தது. மற்றக் குட்டி நாடுகளான வாத்திகன், சான் மரினோ போகும்போது யாரும் நிறுத்துவதில்லை. மொனாக்கோவுக்கு பிரான்ஸிலிருந்து நடந்தே போய்விடலாம். லிக்டன்ஸ்டைன் 2011 முதல் செங்கனுக்கு உள்ளேயே இருக்கிறது. அந்தோரா மட்டும் வேறு. ஆண்டுக்குப் பல லட்சம் பேர் வந்து சிகரெட்டும் மதுவும் வாங்கிப் போகிறார்கள், ஒருவர் 300 சிகரெட்தான் கொண்டுபோகலாம் என்பது போன்ற வரம்புகள் உண்டு, அதனால் வெளியே வரும் வழியில் ஸ்பெயின் சுங்கச் சாவடி. சுங்கத்தோடு போலீசும் இருக்கிறது. பல பேருந்துகளைக் கையசைத்து விட்டுவிடுகிறார்கள். சோதனையே இல்லாமல் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால்தான் “நாங்க போனோமே, ஒண்ணும் ஆகலையே” என்று உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். என் பேருந்தை நிறுத்தினார்கள்.

இளம் அதிகாரி ஒருவர் ஏறினார். எல்லாரும் அடையாள அட்டையை நீட்ட, நான் என் பாஸ்போர்ட்டை நீட்டினேன். விசாப் பக்கத்தைத் திருப்பினார். அவர் கட்டைவிரல் அந்த 01 மேல் வந்து நின்றது. அந்த விரல் இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. “இறங்குங்கள்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கால் மணி நேரம் கழித்து ஓட்டுநர் என்னைப் பார்த்துக் கையை விரித்துவிட்டுப் பேருந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாவடிக்குள் ஒரு நாற்காலி. வெளியே குளிர். எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ், காபி வாங்கும் அளவுக்குத்தான். “எனக்குத் தெரியாது, நாளை மறுநாள் விமானம் இருக்கிறது, டிக்கெட் பாருங்கள்” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அழுகை வந்துவிட்டது. அவர்கள் கோபப்படவில்லை, மேலே யாரிடமோ போனில் கேட்டார்கள், கடைசியில் அச்சடித்த ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். நுழைவு மறுப்பு. பாஸ்போர்ட்டில் நுழைவு முத்திரை ஒன்றைக் குத்தி, அதன் மேல் கறுப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் சி என்ற எழுத்தை எழுதினார்கள். செல்லத்தக்க விசா இல்லை என்று அதற்குப் பொருள்.

அந்தப் படிவத்தைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்குக் கிழித்தெறிய வேண்டும் போல இருந்தது. ஆனால் பிறகு நான் பார்த்த ஒவ்வொரு மேசையிலும் முதலில் கேட்டது அதைத்தான். இனி பிரிட்டன், அமெரிக்கா விசா விண்ணப்பங்களில் “எந்த நாட்டிலாவது நுழைவு மறுக்கப்பட்டதுண்டா” என்ற கேள்விக்கு நான் ஆம் என்றுதான் எழுத வேண்டும், அதற்கு விளக்கம் சொல்ல அந்தப் படிவம் வேண்டும். இன்னொன்று, பொய் சொல்லவில்லை என்பது எனக்குப் பின்னால் உதவியது. பகல் பயணம், விவரம் தெரியாமல் வந்துவிட்டேன் என்று முதலிலேயே சொன்னது படிவத்திலும் பதிவாகியிருந்தது.

இரவு எட்டரைக்கு எல்லையிலிருந்து உள்ளூர்ப் பேருந்தில் மறுபடியும் மேலே போனேன். கையில் ஒரு தோள்பை, ஒரு வாசனைத் திரவியம், 140 யூரோ. மாற்றுத் துணி, சார்ஜர், மாத்திரை எல்லாம் பார்சிலோனா ஓட்டல் அறையில். பதற்றத்தில் இந்திய எண்ணின் ரோமிங்கைப் போட்டு ஓட்டல், விமான நிறுவனம், அலுவலகம் என்று தேடிக்கொண்டே இருந்தேன். அந்த ஓர் இரவின் ரோமிங் கட்டணம் மட்டும் 8,700 ரூபாய் வந்தது. நான் எடுத்திருந்த ரோமிங் திட்டத்தில் ஸ்பெயின் இருந்தது, அந்தோரா இல்லை. தங்கும் இடத்து வைஃபை கிடைக்கும்வரை பொறுத்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். அம்மாவிடம் அன்று பேசியபோது, “பஸ் தப்பிடுச்சும்மா, நாளைக்குப் போயிடுவேன்” என்று மட்டும் சொன்னேன். “சாப்பிட்டியா கண்ணு?” என்றாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

தங்கியது ஆற்றோரத்துச் சின்ன விடுதி, இரவுக்கு 62 யூரோ. நடத்திய அம்மா போர்ச்சுக்கல்காரர், இருபத்து மூன்று வருடமாக அங்கே இருக்கிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சூப்பும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். அடுத்த நாட்களில் அவரிடமிருந்துதான் அந்த நாட்டைத் தெரிந்துகொண்டேன். அங்கே வாழ்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் அந்தோராக் குடிமக்கள். மற்றவர்கள் ஸ்பெயின், போர்ச்சுக்கல், பிரான்ஸ் என்று வெளியிலிருந்து வந்தவர்கள். பனிச்சறுக்குக் காலம் தொடங்கினால் தென் அமெரிக்காவிலிருந்துகூட இளைஞர்கள் வேலைக்கு வருவார்களாம். குடியுரிமை வேண்டுமென்றால் பொதுவாக இருபது வருடம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும், பழைய நாட்டின் குடியுரிமையை விட்டுவிடவும் வேண்டும். “என் அம்மா புதைந்திருக்கும் ஊர் அது, அந்தப் பாஸ்போர்ட்டை எப்படிக் கொடுப்பேன்?” என்றார். வருமான வரி அதிகபட்சம் பத்து சதவீதம் என்பதால் பணக்காரர்கள் வந்து குடியேறுகிறார்கள், வீட்டு வாடகை ஏறிக்கொண்டே போகிறது, வேலை செய்பவர்களுக்கு அறை கிடைப்பதில்லை என்பது அவருடைய பெரிய வருத்தம். வருமான வரி என்ற ஒன்றே அங்கே 2015இல்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் மிகப் பெரிய தவறைச் செய்தேன். விமானத் தேதியை மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை. திங்கள் காலை தூதரகம் போனால் மதியமே விசா கொடுத்துவிடுவார்கள், இரவு விமானத்தைப் பிடித்துவிடலாம் என்று நானே நம்பிக்கொண்டேன். விமானம் கிளம்புவதற்கு முன் மாற்றினால் அபராதம் மட்டும் போயிருக்கும். ஏறாமல் விட்டதால் முழுச் சீட்டும் போனது, வரியில் கொஞ்சம்தான் திரும்பி வந்தது. புதுச் சீட்டு 56,400 ரூபாய். எங்கே மாட்டிக்கொண்டாலும், நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, முதலில் சீட்டைத் தள்ளிப் போடுங்கள்.

அன்று வேறு வழி யோசித்துக் களைத்தேன். விமானத்தில் நேராக வேறு நாட்டுக்குப் போய்விடலாமே என்று பார்த்தால் நாட்டில் விமான நிலையம் இல்லை. அந்தோரா பெயர் வைத்த விமான நிலையம்கூட லா செவு துர்ஜெல்லில், அதாவது ஸ்பெயினில் இருக்கிறது. ரயிலும் கிடையாது. இருப்பது இரண்டே வாசல். தெற்கே ஸ்பெயின், கிழக்கே பாஸ் டெ லா காசா வழியாக பிரான்ஸ், அதற்கு 2,408 மீட்டர் உயர என்வலிரா கணவாயையோ அதன் அடியில் உள்ள சுரங்கப் பாதையையோ தாண்ட வேண்டும். இரண்டு வாசலும் செங்கன். பிரான்ஸ் வழியாகச் சத்தமில்லாமல் போய்விடலாம் என்று ஒரு பயணி சொன்னார். ஒரு மணி நேரம் அந்த எண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மறுப்பு முத்திரையோடு இன்னொரு வாசலில் பிடிபட்டால் நிலைமை எவ்வளவு மோசமாகும் என்று நினைத்ததும் விட்டுவிட்டேன். தயவுசெய்து நீங்களும் முயலாதீர்கள்.

இந்த இரண்டு வாசல் விஷயம் இன்று நேற்று வந்ததல்ல. 1278இல் உர்ஜெல் ஆயரும் பிரெஞ்சுப் பக்கத்து ஃபுவா பிரபுவும் சண்டையை முடித்து, இந்தப் பள்ளத்தாக்குகளை இருவரும் சேர்ந்து ஆள்வது என்று ஒப்பந்தம் போட்டார்கள். பிரபுவின் உரிமை கைமாறிக் கைமாறி பிரெஞ்சு அரசருக்குப் போய், இப்போது பிரெஞ்சுக் குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது. ஆகவே இன்றைக்கும் அந்தோராவுக்கு இரண்டு இளவரசர்கள், ஒருவர் ஸ்பெயின் ஊரில் இருக்கும் கத்தோலிக்க ஆயர், மற்றவர் பாரிஸில் இருக்கும் அதிபர். அந்தோரா மக்கள் இருவரையுமே தேர்ந்தெடுப்பதில்லை. முன்பு ஆயருக்குக் காணிக்கையாகப் பணத்தோடு பன்றித் தொடை இறைச்சியும் பாலாடைக்கட்டியும் கோழியும் போகுமாம். 1993இல் மக்கள் வாக்களித்து அரசியல் சட்டம் கொண்டுவந்தபோது அந்த வழக்கம் நின்றது, அதே வருடம் ஐ.நா.விலும் சேர்ந்தார்கள். இப்போது உண்மையான நிர்வாகம் 28 உறுப்பினர் கொண்ட பொதுப் பேரவையிடமும் அது தேர்ந்தெடுக்கும், பிரதமர் போன்ற அரசாங்கத் தலைவரிடமும் இருக்கிறது. நான் போனபோது சவியர் எஸ்பொட் அந்தப் பதவியில் இருந்தார். சொந்த ராணுவம் இல்லை, சொந்தப் பணமும் இல்லை, யூரோதான். இதையெல்லாம் நான் சுற்றுலா ஆர்வத்தில் படிக்கவில்லை. ஏன் எனக்கு இந்த நாட்டுக்குள் யாரும் உதவ முடியவில்லை என்று புரிந்துகொள்ளப் படித்தேன். அந்தோரா அதிகாரிகள் கனிவாகவே பேசினார்கள். ஆனால் என்னிடம் இல்லாதது ஸ்பெயினின் விசா, அதை அவர்கள் கொடுக்க முடியாது.

நல்ல வேளையாக ஸ்பெயின், பிரான்ஸ் இரண்டுக்கும் அந்தோரா லா வேலாவிலேயே தூதரகம் இருக்கிறது. இந்தியாவுக்கு அங்கே தூதரகம் இல்லை, மாட்ரிட்டில் உள்ள நம் தூதரகமே அந்தோராவையும் பார்த்துக்கொள்கிறது. திங்கள் காலை முதலில் மாட்ரிட்டுக்குப் போன் செய்தேன். விசா அவர்கள் கையில் இல்லை, ஆனால் என் விவரங்களைக் குறித்துக்கொண்டு என்னென்ன காகிதம் கொண்டுபோக வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார்கள். பிறகு ஸ்பெயின் தூதரகம். வழக்கமாக நாம் வசிக்கும் நாட்டில்தான் செங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், வேறிடத்தில் கேட்டால் ஏன் என்று காரணம் காட்ட வேண்டும். என் மறுப்புப் படிவமே அந்தக் காரணம். புகைப்படம், அலுவலகக் கடிதம், புதிய விமானச் சீட்டு, விடுதி ரசீது, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எல்லாம் கேட்டார்கள். என்னிடம் இருந்த காப்பீடு செங்கன் நாடுகளுக்கு மட்டும், தேதியும் முடியப் போகிறது. அந்தோராவில் கால் தடுக்கி விழுந்து எலும்பு முறிந்திருந்தால் ஒரு யூரோகூட கிடைத்திருக்காது என்று அன்றுதான் உறைத்தது. விசாக் கட்டணம் 90 யூரோ. எல்லாக் காகிதமும் மின்னஞ்சலில் இருந்தும் அச்செடுக்கக் கடை தேடி அலைந்ததில் அரை நாள் போனது.

செவ்வாயும் புதனும் காத்திருப்பு. அறைக்குள் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்ததால் நடந்தேன். காசா டெ லா வாய் என்ற பழைய நாடாளுமன்றம், 1580இல் கட்டிய கல்வீடு. 2011இல் பேரவை புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது. உள்ளே ஒரு மர அலமாரி, அதற்கு ஏழு பூட்டு. பங்கு என்று அழைக்கும் நாட்டின் ஏழு நிர்வாகப் பிரிவுகளுக்கும் ஆளுக்கொரு சாவி, ஏழு பேரும் வந்தால்தான் ஆவணங்களை எடுக்க முடியும். அதன் முன் வெகு நேரம் நின்றேன். புதன்கிழமை தெற்கே சாந்த் ஜுலியா டெ லோரியா வரை போனேன். அந்தப் பக்கம் இன்னும் புகையிலை பயிரிடுகிறார்கள். ஒரு கொட்டகைக்குள் இலைகளைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், பாதி பச்சை, பாதி பழுப்பு. அந்த வாசனை பவானிப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டு வாசனை. நான்கு நாளில் முதல் முறையாக அங்கேதான் பயம் கொஞ்சம் இறங்கியது. அன்று சாயங்காலம் அம்மாவிடம் மாட்டிக்கொண்டதைச் சொன்னேன்.

வியாழன் மாலை விசா வந்தது. சில நாளுக்கு மட்டும், மறுபடியும் ஒற்றை நுழைவு. தங்கல் 372 யூரோ, சாப்பாடு, விசா, காப்பீடு, அச்சு, பேருந்து எல்லாம் சேர்த்துச் சுமார் 655 யூரோ, அதாவது அறுபதாயிரம் ரூபாய். அதோடு விமானச் சீட்டு, போன் கட்டணம். மொத்தம் ஒன்றேகால் லட்சம். நான்கு நாள் சம்பளமில்லா விடுப்பு தனி.

நீங்கள் இப்போதே அங்கே மாட்டிக்கொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், எல்லையில் வாதாடி இரவை வீணாக்காதீர்கள், படிவத்தை வாங்கிக்கொண்டு தலைநகருக்குத் திரும்புங்கள், சீட்டைத் தள்ளிப் போடுங்கள், காப்பீட்டை இணையத்தில் அன்றே எடுங்கள், அலுவலக நாள் தொடங்கியதும் தூதரக வாசலில் நில்லுங்கள். இன்னும் கிளம்பாதவர் என்றால் விண்ணப்பிக்கும்போதே அந்தோரா போகும் எண்ணத்தை எழுதி, இரண்டு நுழைவோ பல நுழைவோ கேளுங்கள். விசாவில் 02 அல்லது மல்ட் என்று இருந்தால் போகலாம். 01 என்றால் பார்சிலோனாவிலேயே இருந்துவிடுங்கள், பார்க்க அங்கேயே நிறைய இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை விடுதி அம்மா கடைசி நாளுக்குச் சாப்பாட்டுப் பணம் வாங்க மறுத்துவிட்டார். தம்பிக்கு வாங்கிய வாசனைத் திரவியத்தை அவர் கையில் வைத்துவிட்டு வந்தேன். எல்லையில் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், புது விசாவில் முத்திரை குத்தினார்கள். லா செவு துர்ஜெல் நெருங்கும்போது ஸ்பெயின் சிம் உயிர் பெற்று, ஆறு நாள் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.